ஒன்பது வினாடி

பயிற்சி கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் யாராவது போன் செய்து "எங்க ஆட்களுக்கு ஒரு பயிற்சி வைக்கணும் மேடம்" என்றால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். வயிற்றைத் தொட்டே பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதித் தரச் சொன்னால் ஒரு டாக்டருக்கு எப்படி இருக்கும், அந்த எரிச்சல்.

காரணம் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் தேமா துறைமுகத்தில் ஒரு கிடங்கில் பதினொரு பேருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். டி-ஷர்ட், ஜொலோஃப் சோறு, கோழி, கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ. ஒரு மாதம் கழித்து அந்தப் பதினொரு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய கடிதத்தில் "பயிற்சி அளித்தும் முன்னேற்றம் இல்லை" என்று எழுதியிருந்தது. சரக்குப் பட்டியல் அவர்கள் கைக்கு வருவதே மத்தியானத்துக்கு மேல்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பட்டியல் காலையில் வந்திருந்தால் என் பயிற்சி இல்லாமலே வேலை நடந்திருக்கும். முதல் நாளே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அவர்களை வெட்ட நானே கத்தி தீட்டிக் கொடுத்தது போல ஆயிற்று. இன்னும் அது என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

அதனால்தான் என்சவாம் ஊர்ப் பக்கத்து அன்னாசித் தொழிற்சாலை மேனேஜர் லார்பி கூப்பிட்டபோது, பையில் பாடப் புத்தகத்தை எடுத்து வைக்காமல் ஒரு ஸ்டாப் வாட்சையும் நோட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே அன்னாசியைத் தோல் சீவி, துண்டு போட்டு, பெட்டியில் அடைத்து, சாயங்கால விமானத்தில் அனுப்புகிறார்கள். நாலு மணிக்கு வண்டி அக்ரா விமான நிலையத்துக்குக் கிளம்பியாக வேண்டும். கூடம் இரண்டு. முதல் கூடம் பழையது. இரண்டாம் கூடம் கட்டி இரண்டு மாதம்தான் ஆகிறது. சுவரில் பெயிண்ட் வாசனை கூடப் போகவில்லை. சங்கடம் அந்தப் புதுக் கூடத்தில்தான். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பெட்டி வர வேண்டிய இடத்தில் தொள்ளாயிரத்து இருபதுக்கு மேல் ஏறவில்லை.

"முப்பத்திரண்டு பொம்பளைங்க மேடம். எல்லாருக்கும் கை சோம்பிப் போச்சு," என்றார் லார்பி. நாற்பது வயது, சட்டையில் சுருக்கமே இல்லாத மனிதர். "மூணு நாள் பயிற்சி குடுங்க. வேகம், சுறுசுறுப்பு, மனசை எப்படி வெச்சுக்கணும், எல்லாம் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஒரு டெஸ்ட். தேறாதவங்க கிளம்பட்டும். வெளியே கேட்டுல நூறு பேர் வேலைக்கு நிக்கிறாங்க."

தேமா கடிதம் கண் முன்னால் வந்து நின்றது.

"சார், இவங்க இந்தக் கூடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்க?"

"பழைய கூடத்துல. ஒன்பது வருஷமா."

"அங்க எத்தனை பெட்டி?"

"ஆயிரத்து இருநூறு வந்துட்டுதான் இருந்துச்சு."

"ஒன்பது வருஷமா தெரிஞ்ச வேலை ரெண்டு மாசத்துல மறந்து போகுமா?"

அவருக்கு என் கேள்வி பிடிக்கவில்லை. "புதுக் கூடம் வெளிநாட்டு வரைபடத்தை வெச்சு நான் முன்னாடி நின்னு கட்டினது. மேசை, குழாய், வெளிச்சம் எல்லாம் பழசை விட உசத்தி. குறை சொல்லணும்னா ஆளைத்தான் சொல்லணும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

பழமொழி நல்ல பழமொழிதான். ஆனால் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்த அன்றைக்கு அந்த ஆட்டக்காரிக்கு என்ன ஆயிற்று என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அதை அவரிடம் சொல்லாமல், பயிற்சிக்கு முன் இரண்டு நாள் பார்க்க விடுங்கள் என்று மட்டும் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, புதன்கிழமைக்கு மேல் ஒரு மணி நேரம் கூடக் கிடையாது என்றார்.

திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் முப்பத்திரண்டு பேரையும் பார்த்தேன். சோளமாவில் செய்த கென்கேயும் பொரித்த மீனும் தின்றுகொண்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. என்னை எதற்குக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர்களுக்குத் தலைவி ஒஃபோரிவா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வா மேடம், உட்காரு. அன்னாசிக்குத் தோல் எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லித் தர வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"தெரிஞ்சா சொல்லித் தருவேன் ஆன்ட்டி. எனக்கே தெரியாது. நீங்க காட்டுங்க."

அன்று மாலை வேலை முடிந்ததும் கேன்டீன் மேசையிலேயே ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அவரவர் வேலைப்படி, ஐந்து பழம் சீவவோ துண்டு போடவோ சொன்னேன். வாட்சை அழுத்தினேன். லார்பி கணக்குப்படி ஒரு பழத்துக்கு முப்பது வினாடி. முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு வினாடியைத் தாண்டியவர் ஒருவர் கூட இல்லை. டெடா என்ற இளம் பெண் இருபத்திநாலில் ஒரு பழத்தைச் சீவி எறிந்துவிட்டு, "வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுன்னாங்களே மேடம், இதுதானா?" என்று கேட்டாள்.

கேட்டது கேலியாகத்தான். ஆனால் என் வாட்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குப் பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறது, அந்த வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் மட்டும் என்று பிறகு ஒஃபோரிவா சொன்னார். அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. இவர்களுக்கு வேலை தெரியும். தெரிந்த வேலையை நான் மூன்று நாள் கற்றுக் கொடுத்தால் வெள்ளிக்கிழமையும் அதே தொள்ளாயிரத்து இருபதுதான் வரும். அப்புறம் கடிதம் எழுத வாசகம் தயாராக இருக்கிறது.

மேசையில் தனியாக உட்கார்ந்தால் வருகிற வேகம் கூடத்தில் எங்கே போகிறது?

செவ்வாய்க்கிழமை காலை பூட்ஸ், முடியை மூடுகிற தலைவலை, ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். முதலில் கத்தியைச் சந்தேகப்பட்டேன். மயிரைப் பிளக்கிற கூர்மை. பழத்தைச் சந்தேகப்பட்டேன்; இரண்டு கூடத்துக்கும் ஒரே லாரிப் பழம். குளிரைச் சந்தேகப்பட்டேன், பழைய கூடத்தில் இன்னும் குளிர். ஓரமாக நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். யாரும் சும்மா நிற்கவில்லை, யாரும் ஊர்க்கதை பேசவில்லை. கை ஓடிக்கொண்டேதான் இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நோட்டில் நான் எழுதியிருந்ததெல்லாம் 'இல்லை, இல்லை, இல்லை' என்பதுதான்.

கடைசியில் டெடாவிடம், "கொஞ்ச நேரம் உன் இடத்தைக் குடு," என்றேன்.

கூடத்தில் இரண்டிரண்டு பேராக நிற்பார்கள். இளையவள் தோல் சீவுவாள். அவளுக்கு இடது பக்கம் நிற்கிற மூத்தவள் துண்டு போடுவாள். துண்டு ஒரே அளவாக வருவதற்குப் பழகின கை வேண்டும். இருவருக்கும் நடுவில் மேசையில் சாறும் தோலும் ஓடுகிற பள்ளம், அங்கே எதையும் வைக்க முடியாது; அதனால் சீவின பழத்தைக் கிண்ணத்தில் வைத்து மூத்தவள் கையில் கொடுக்க வேண்டும். கத்தி மேசைமேல் கிடக்கக் கூடாது, பெட்டிக்குள் போய்விடும் என்று சட்டம். ஒன்று வலது கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரே கொக்கியில் தொங்க வேண்டும்.

நான் டெடாவின் இடத்தில் நின்றேன். பக்கத்தில் ஒஃபோரிவா. முதல் பழத்தைச் சீவி முடிக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. ஒஃபோரிவா கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல நடித்தார். நான் கத்தியைக் கொக்கியில் மாட்டினேன், சாறு வழிந்த கையைத் துணியில் துடைத்தேன், உடம்பைத் திருப்பி வலது கையால் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். அவரும் தன் கத்தியை மாட்டிவிட்டு, வலது கையைத் துடைத்து வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் கத்தியை எடுத்தோம். இரண்டாவது பழம். மாட்டினேன், துடைத்தேன், திரும்பினேன், கொடுத்தேன். மூன்றாவது பழத்தில் என் கை பாதியில் நின்றது.

நான் பிறவி இடதுகைக்காரி. ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்து அடித்துத்தான் வலது கைக்கு மாற்றினார்கள். கிண்ணம் என் இடது பக்கம் இருக்கிறது. என் இடது கை சும்மா இருக்கிறது. வாங்க வேண்டியவர் இடது பக்கம் நிற்கிறார். அப்படியும் நான், பிறவி இடதுகைக்காரி, கத்தியை மாட்டி, கையைத் துடைத்து, உடம்பை முறுக்கி வலது கையால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தும் எனக்குத் தெரியாமல் போனதில் என்ன ஆச்சரியம்? யாராவது மூச்சு விடுவதைப் பார்த்து நோட்டில் எழுதுவோமா?

"ஆன்ட்டி, இவ இடது கையால குடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

ஒஃபோரிவா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னை எந்த ஊர்ல பெத்தாங்க? இவ அம்மாவும் நானும் ஒண்ணா வளர்ந்தவங்க. இவ எனக்கு இடது கையை நீட்டுவாளா? நீட்டினா நான் வாங்குவேனா?"

"முத நாள் அவசரத்துல நீட்டிட்டேன் மேடம்," என்றாள் டெடா. "'இடது கைக்கு மன்னிச்சுக்கோங்க ஆன்ட்டி'ன்னு சொல்லிச் சொல்லிதான் குடுத்தேன். அறுநூறு பழம். சாயங்காலம் தாடையே கழண்டு போச்சு."

"பழைய கூடத்துல எப்படிக் குடுத்தீங்க?"

"அங்க எங்க குடுத்தோம்? நடுவுல ஒரு சிமென்ட் திண்டு இருந்துச்சு. அதுல வெச்சிடுவேன். ஆன்ட்டி வேணும்கிறப்ப எடுத்துக்குவாங்க."

"எந்தக் கையால வெப்பே?"

டெடா யோசித்தாள். இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். "இதாலதான். திண்டுக்கு என்ன மரியாதை?"

"இதை ஏன் யாரும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" என்றார் ஒஃபோரிவா. "பாஸ் வந்து ஏன் மெதுவா இருக்கேன்னு கேட்டார். நான் மெதுவா இல்லன்னேன். நான் மெதுவா இல்லதான்."

வாட்சை எடுத்துப் பதினாறு ஜோடியையும் பார்த்தேன். ஒரு கிண்ணம் கைமாற ஒன்பது வினாடி. முப்பதோடு ஒன்பது. நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். குறைந்து போன இருநூற்று எண்பது பெட்டியும் அந்த ஒன்பது வினாடிக்குள் இருந்தது. எனக்குச் சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. தலைவலையோடு லார்பியின் அறைக்கு ஓடினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "அவ்வளவுதானா? அப்போ அதுக்கே ஒரு பயிற்சி வைங்க மேடம்," என்றார். "வேலை நேரத்துல இடது கையால குடுத்தா தப்பில்லன்னு சொல்லிக் குடுங்க. இந்தக் காலத்துல போய் கையில என்ன இருக்கு? திண்டு வேண்டாம்னு வரைபடத்துலயே போட்டிருக்கு. வைக்கிறது, எடுக்கிறதுன்னு நடுவுல ஒரு வேலை மிச்சம்."

எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன். "சரி சார். நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்க. பாஸ் செஞ்சா அவங்களும் செய்வாங்க."

அவருக்கு மறுக்க வழியில்லை. ஏப்ரன் மாட்டிக்கொண்டு வந்தார். பாஸைத் தலைவலையோடு பார்த்த கூடம் முழுக்க வேலையை நிறுத்திவிட்டது. டெடாவின் இடத்தில் நின்று, கத்தியை எடுத்துப் பழத்தைச் சீவினார். நன்றாகவே சீவினார், வேலை தெரிந்த மனிதர்தான். கத்தி வலது கையில். கிண்ணம் இடது பக்கம். பக்கத்தில், அவரை விடப் பதினைந்து வயது மூத்த ஒஃபோரிவா, கையை நீட்டாமல், முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லார்பியின் இடது கை கிண்ணத்தைத் தொட்டது. தூக்கியது. ஒரு சாண் உயரத்தில் நின்றது.

குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது. அவர் நெற்றி அந்தக் குளிரிலும் வியர்த்தது. கிண்ணத்தைத் திரும்ப மேசையில் வைத்தார். கத்தியைக் கொக்கியில் மாட்டினார். கையைத் துடைத்தார். வலது கையால் எடுத்து, கொஞ்சம் குனிந்து, "இந்தாங்க ஆன்ட்டி," என்று கொடுத்தார்.

"பத்து வினாடி," என்றேன் நான். "இவங்களை விட ஒண்ணு அதிகம்."

முதலில் சிரித்தது டெடா. பிறகு முப்பத்திரண்டு பேரும். லார்பி ஏப்ரனைப் பார்த்தபடி நின்றார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பாஸ் கைக்கும் பயிற்சி வேணும் போல இருக்கே," என்றார் ஒஃபோரிவா.

"எங்க அம்மா அடிச்ச அடி ஆன்ட்டி. லேசுல போகுமா?" என்றார் லார்பி. அதற்குப் பிறகு அவர் என்னிடம் வரைபடத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

சிமென்ட் பூசக் காத்திருக்கவில்லை. பழம் அள்ளுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் கூடைகள் பதினாறைக் குளோரின் தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் கவிழ்த்து வைத்தோம். லார்பியே நாலு கூடை தூக்கினார். முழு வேலையே அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு மணி அடித்தது. நான் கதவோரம் நின்றேன். சீவினாள், வைத்தாள், அடுத்த பழம். கத்தி கையை விட்டு இறங்கவே இல்லை. பத்து மணிக்கு யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். இந்தக் கூடத்தில் இரண்டு மாதமாகப் பாட்டே இல்லை என்று பெட்டி ஒட்டுகிற பெண் சொன்னாள். மதியத்துக்குள் அறுநூற்று முப்பது. லார்பி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து எண்ணிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றரைக்குக் கடைசிப் பெட்டியில் டேப் ஒட்டினார்கள். ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்று.

இத்தனை நாள் வண்டி வந்து இவர்களுக்காக ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கும். அன்று வண்டியே இன்னும் வரவில்லை. பெண்கள் கையைக் கழுவிவிட்டு, பெட்டி ஏற்றுகிற மேடை ஓரத்தில் வரிசையாகக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சந்தோஷத்தில்தான். அதை நான் மறைக்கவும் இல்லை.

லார்பி வந்து முன்னால் நின்றார். "வெள்ளிக்கிழமை டெஸ்ட் கிடையாது. யாரும் எங்கயும் போகல. முப்பத்திரண்டு பேரும் இங்கதான்."

டெடா முகத்தை ஏப்ரனில் மூடிக்கொண்டாள். மற்றவர்கள் கை தட்டினார்கள். ஒஃபோரிவா மட்டும் தட்டவில்லை.

"அது சரி பாஸ். ஆனா ரெண்டு மாசமா எங்களைச் சோம்பேறின்னு ஊரே பேசுது. சர்ச்சுல எனக்குப் பின்னாடி உட்கார்ந்து பேசுறாங்க. நீங்க இங்க மேடையில நின்னு சொல்றது கேட்டைத் தாண்டாது." என் பக்கம் திரும்பினார். "பயிற்சி முடிஞ்சா எல்லாருக்கும் சர்டிபிகேட் பேப்பர் தருவியாமே மேடம். நாங்க பயிற்சிக்கு வரல. ஆனா எங்களுக்குப் பேப்பர் வேணும்."

"என்னன்னு எழுதணும் ஆன்ட்டி?"

"உள்ளதை எழுது."

லார்பியின் அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு தாள் தட்டச்சு செய்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டு முப்பத்திரண்டு பிரதி எடுத்தேன். என் பெயரை அடியில் போட்டேன்: ஆசாபியா இன்டோ, பயிற்சியாளர். லார்பி ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். இருபதாவது தாளில் முத்திரையின் மை தீர்ந்து போயிற்று. அவரே எழுந்து போய் ஊற்றிக்கொண்டு வந்தார்.

வெளியே வந்து பெயர் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஒஃபோரிவா தன் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "ஒஃபோரிவா இரண்டு நாள் சோதிக்கப்பட்டார். இவருக்கு வேலை நன்றாகத் தெரியும். இவருக்குப் பயிற்சி தேவையில்லை. குறை கூடத்தில் இருந்தது. அது சரி செய்யப்பட்டது."

வண்டி கேட்டுக்குள் திரும்பியது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஒஃபோரிவா தாளை இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்துவிட்டு, நாலாக மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டார்.

"இதுல பொய் ஒண்ணும் இல்ல," என்றார்.